டு பாய்ஸ் ஏந்திய தராசு

ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி நாம் முப்பது ஆண்டுகளாக மேடையேறிப் பேசி வருகிறோம். மக்கா வெற்றியின்போது கஃபாவின் மேல் நின்று அன்னார் பாங்கு சொன்ன காட்சியை விவரிக்கையில் கேட்போர் கண் கலங்காமல் இருந்ததில்லை. நம் குரலும் சற்றே தழுதழுத்துவிடும். அத்தகைய ஒரு மீலாது மேடையிலிருந்து இறங்கிய இரவில், கூட்டத்துக்குத் தலைமை வகித்த பெரியவர் நம்மைத் தனியே அழைத்தார். தம் மகனுக்குப் பெண் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, "ஹஸ்ரத், தீனுள்ள குடும்பமா இருந்தாப் போதும். பொண்ணு மட்டும் கொஞ்சம் செவப்பா இருக்கணும்" என்றார். சற்று முன்னர் பிலாலுக்காகத் துடைத்த கண்ணீரின் ஈரம் அவர் துண்டில் காய்ந்திருக்காது. அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. நம்முடைய பேச்சு அவருடைய நெஞ்சில் எந்த இடத்தைத் தொட்டது, எந்த இடத்தைத் தொடாமலே விட்டது என்ற கேள்வி அன்று எழுந்தது; அது பல ஆண்டுகள் விடையின்றியே இருந்தது.

நிறச் செருக்கைக் கண்டிக்க நம் முன்னோர் நூல் எழுதாமல் இல்லை. பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255-இல் மறைந்த ஜாஹிள், வெள்ளையரை விடக் கறுப்பருக்குள்ள பெருமைகளை எடுத்துரைக்கத் தனியாகவே ஒரு ரிஸாலா எழுதினார். பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ஹபஷிகள், சூடானியர் ஆகியோரின் சிறப்புகளைத் தொகுத்தளித்தார்கள். பிற்காலத்தில் எகிப்தின் இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்களும் அவ்வழியிலேயே எழுதினார்கள். இவ்வகை நூல்களை நாம் 'ஃபளாயில்' என்போம். அதாவது சிறப்புகளைச் சொல்லும் நூல்கள். நஜ்ஜாஷி மன்னரும், லுக்மானும், பிலாலும் அவற்றில் வரிசையாக வருவர். படிப்பவர் மனம் நெகிழும். ஆயினும், இழிவுபடுத்தப்பட்ட மனிதனின் உழைப்புக்குரிய பலனை யார் எடுத்துக்கொண்டார், அவனைப் பற்றிய பொய்யை முதலில் சொன்னவர் யார், அதை அவரிடமிருந்து கேட்டுப் பரப்பியவர் யார் என்ற விசாரணை ஃபளாயில் நூல்களில் இடம்பெறுவதில்லை. அது அவற்றின் நோக்கமும் அன்று.

நம்மிடம் ஓதிப் பின்னர் கல்லூரிக்குச் சென்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தடித்த ஆங்கில நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நமது ஆங்கிலம் நாற்பது வயதுக்கு மேல் கற்றது. அகராதி அருகில் இல்லாமல் நடக்காதது. 700 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலைப் படித்து முடிக்க நமக்கு ஒரு முழு ஆண்டும் இரண்டு ரமளான் விடுமுறைகளும் ஆயின. 1935-இல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இன் அமெரிக்கா'. எழுதியவர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பின் நாட்டைத் திருப்பிக் கட்டியெழுப்பிய பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மக்கள் ஆற்றிய பங்கே அதன் பொருள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களை நம் குடும்பங்கள் அறியாதவை அல்ல. மால்கம் எக்ஸ் 1964-இல் ஹஜ்ஜுக்குச் சென்று, அங்கே எல்லா நிறத்தாரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்டதைக் கண்டு மனம் மாறி எழுதிய மடலைப் பற்றிப் படித்திருக்கிறோம். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 1980-இல் சென்னைக்கு வந்தபோது அவரைக் காணச் சென்ற கூட்டத்தில் நம் ஊரார் பலரும் இருந்தனர். இருவரும் முஸ்லிம்கள் என்பதால் நெருங்கினோம், அவ்வளவிலே நின்றும்விட்டோம். அவர்களை ஈன்ற சமுதாயத்தின் கல்வி மரபு எத்தகையது என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்தவர் ஒருவர் இந்தியாவில் இருந்தார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்கே மடல் எழுதினார். அவருடைய எழுத்துகளைத் தொடர்ந்து படித்து வருவதாகவும், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையில் அளித்த மனுவின் படிகள் வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். டு பாய்ஸ் அதற்கு மறுமொழியும் எழுதினார்.

ஆசிரியரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1868-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பெர்லினில் பயின்று, 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பின்னர் ஃபிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று, வாடகை என்ன, வருமானம் என்ன, எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகிறார்கள் என்று தாமே கேட்டுக் குறித்து 1899-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அம்மக்களின் வறுமைக்கு அவர்களுடைய பிறவிக் குணமே காரணம் என்று அறிஞர் பலர் மேசையருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 1910 முதல் 1934 வரை கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் இதழாகிய 'தி கிரைஸிஸ்' இதழை நடத்தினார். 1963 ஆகஸ்டு 27-இல் கானா நாட்டின் அக்ரா நகரில் தம் 95-ஆம் வயதில் காலமானார். மறுநாள்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பெரும் பேரணி நடந்தது.

இனி நூலுக்கு வருவோம். 1861-இல் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் போரில் இறங்கியபோது தெற்கே சுமார் 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர். வட மாநிலங்கள் இரக்கப்பட்டு அவர்களை விடுவித்தன என்பதே பள்ளிப் புத்தகக் கதை. டு பாய்ஸ் அதைத் திருப்பிப் போடுகிறார். வடக்குப் படை நெருங்க நெருங்க அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறிப் படை முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். அவ்வாறு வந்தவர் ஐந்து இலட்சம் பேர் என்கிறார். இதை அவர் பொது வேலைநிறுத்தம் என்றே அழைக்கிறார். பருத்தி பறிக்கும் கை நின்றது. எதிர்த்தரப்புக்கு அகழி வெட்டும் கையும் உயர்ந்தது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குத் தரைப்படையில் சேர்ந்து போரிட்டனர். 1862-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாயிருந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்பார், தாம் பணிபுரிந்த 'பிளாண்டர்' என்ற கப்பலையே தம் குடும்பத்தாருடன் கடத்திச் சென்று வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்தார். அவரே பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

போர் முடிந்தபின் வாக்குரிமை வந்தது. 1868-இல் தெற்குக் கரோலினாவின் சட்டமன்றக் கீழவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மையாக அமர்ந்தனர். ஏழை வெள்ளையரின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இலவசப் பொதுப் பள்ளிகளைத் தெற்கில் நிலைநாட்டியவை இத்தகைய அரசுகளே என்பது நூலின் வலுவான பகுதிகளுள் ஒன்று. 1877-இல் எஞ்சிய படையும் விலக்கிக்கொள்ளப்பட, எல்லாம் சரிந்தது. வன்முறையாலும் சூழ்ச்சியாலும் வாக்கைப் பறித்தனர். பறித்த பின்னர் அதற்கொரு நியாயம் வேண்டுமல்லவா? அந்த நியாயத்தை வழங்கியவர்கள் வரலாற்றாசிரியர்கள்.

இவ்விடத்தில்தான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நூலின் கடைசி அத்தியாயம், வரலாறு எவ்வாறு பிரசாரமாயிற்று என்பதைப் பற்றியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கும் ஜான் பர்ஜெஸும் அவர்தம் மாணவர்களும் ஒரு கதையை நிலைநிறுத்தினார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் ஆளத் தகுதியற்றவர்கள். அவர்கள் கையில் ஆட்சி போனதால் ஊழலும் சீரழிவும் பெருகின. வாக்குரிமையை மீண்டும் பறித்தது நாட்டுக்கு நலமாயிற்று. இக்கதை கல்லூரியிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து திரைக்கும் இறங்கியது. 1915-இல் வந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படம் இதே கதையைச் சொல்லிற்று. குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது.

இக்கதையை டு பாய்ஸ் எதிர்கொண்ட முறை நமக்கு மிகவும் பழகிய முறை. நூலின் இறுதியில் தாம் பார்த்த நூல்களின் பட்டியலைத் தருகிறார். அகர வரிசையோடு அவர் நிற்கவில்லை. தரம் பிரித்துத் தலைப்பிட்டுத் தருகிறார். கறுப்பின மனிதன் மனிதத் தரத்துக்கும் கீழானவன், குடியுரிமைக்கு இயல்பிலேயே தகுதியற்றவன் என்று நம்பி எழுதியவர்கள் ஒரு வகுப்பு. வெறும் பிரசாரகர்கள் ஒரு வகுப்பு. ஓரளவு நடுநிலையாளர் ஒரு வகுப்பு. அம்மக்களின் வரலாற்றை உண்மையில் ஆராய்ந்து பரிவுடன் எழுதியவர்கள் ஒரு வகுப்பு. கறுப்பின வரலாற்றாசிரியர்கள் ஒரு வகுப்பு. அரசு அறிக்கைகள் தனியே. மத்ரஸாவில் ஹதீஸ் கலை பயின்ற எவரும் இப்பட்டியலைக் கண்டதும் புன்னகை செய்வர். இது ஜர்ஹு–தஃதீல் அன்றோ! ஹதீஸை அறிவிக்கும் ராவிகளை நிறுத்து, இவர் நம்பத்தக்கவர், இவர் உண்மையாளர் எனினும் மறதியுள்ளவர், இவர் விடப்பட்டவர், இவர் பொய்யர் என்று படி பிரிக்கும் அக்கலையில் யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) போன்றோர் வாழ்நாளைச் செலவிட்டார்கள். ஹாஃபிள் தஹபி (ரஹ்) அதற்கென எழுதிய பெருநூலின் பெயரிலேயே 'மீஸான்' என்னும் தராசு இருக்கிறது.

ஒப்புமை மேலோட்டமானதன்று. தன் கொள்கைக்குப் பிரசாரம் செய்யும் ஒருவன், அக்கொள்கைக்கு வலுவூட்டும் செய்தியையே அறிவித்தால் அதை ஏற்பதில்லை என்பது நம் அறிஞர் பலர் வகுத்த விதி. டு பாய்ஸ் இதே விதியைக் கையாளுகிறார். ரோட்ஸ் என்னும் புகழ்பெற்ற வரலாற்றாசிரியரை எடுத்துக்கொள்கிறார். இவர் நிலக்கரி, இரும்பு வாணிகத்தில் செல்வம் சேர்த்தபின் வரலாறு எழுத வந்தவர். உழைப்பாளி ஆட்சிக்கு வருவதை இவர் எக்கண்ணால் பார்ப்பார் என்று கேட்கிறார். அதே வேளையில் நீதி தவறுவதில்லை. டன்னிங்கின் நடை அவர் மாணவர் பலருடையதைப் போலக் கடுமையானதன்று என்று ஒப்புகிறார். அதே குழுவிலிருந்து மிஸிஸிப்பியைப் பற்றி எழுதிய கார்னர் கறுப்பின மக்களை மனிதராக நடத்தியிருக்கிறார் என்று தஃதீலும் செய்கிறார். பகைவரின் கூட்டத்தில் ஒருவரைத் தனித்தெடுத்து 'இவர் சொல்லை ஏற்கலாம்' என்று எழுதக் கை வரவேண்டும். நம் காலத்து மார்க்கத் தர்க்கங்களில் அந்தக் கை நமக்கு வந்ததுண்டா என்று எண்ணிப் பார்த்தோம். நினைவுக்கு வந்த சிலவற்றை இங்கே எழுத விரும்பவில்லை.

அவருடைய பெருங்குற்றச்சாட்டு, சாட்சிகளை அழைக்காமலே தீர்ப்பு எழுதினார்கள் என்பதாகும். ஜான் லிஞ்ச் என்பவர் 1847-இல் அடிமையாகப் பிறந்து, மிஸிஸிப்பியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றவர். தாம் கண்ணால் கண்டவற்றை 1913-இல் நூலாக எழுதினார். ரோட்ஸின் பிழைகளை 1917-இல் வரிசைப்படுத்தி மறுத்தும் எழுதினார். பெரும் பேராசிரியர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டத்தின் கொடுமைகளை விசாரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழுவின் 13 தொகுதிகள் 1872-இலேயே அச்சாகியிருந்தன. அடிபட்டவர்களும் கணவரை இழந்தவர்களும் தங்கள் வாயால் சொன்னவை அவற்றில் இருந்தன. அச்சிட்ட காகிதத்தில் இருந்ததையே இல்லாததாக்கினார்கள். டு பாய்ஸுக்கே ஓர் அனுபவம். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 14-ஆம் பதிப்புக்கு அவரிடம் கட்டுரை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிய பகுதியை வெட்டினார்கள். ஒரு சிறு குறிப்பையாவது சேர்க்கும்படி கேட்டார், மறுத்தார்கள். அங்ஙனமாயின் கட்டுரையே வேண்டாமென்று திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இடையே ஒன்று. 1910-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழ் அவருடைய கட்டுரையை ஏற்று வெளியிட்டது. தம் இனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிடவேண்டும் என்று அவர் கேட்க, இதழாசிரியர் மறுத்துவிட்டார். தமிழிலும் அரபியிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாமையால் இச்சண்டையின் பொருள் நமக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. நாட்டின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் பெரிய எழுத்து. பருத்திக்கும் பன்றிக்கும் சிறிய எழுத்து. தம் மக்களை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதே அவர் கேள்வி. அதே ஆய்விதழ் 1935-இல் இப்பெருநூலுக்கு மதிப்புரை வெளியிடவில்லை.

சாட்சி என்றதும் நம் ஃபிக்ஹு நூல்களின் ஓர் அத்தியாயம் நினைவுக்கு வருகிறது; அதை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. அடிமையின் ஷஹாதத்தை, அதாவது நீதிமன்றச் சாட்சியத்தை, நம் இமாம்களுள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் ஏற்றார்கள். ஆனால் ரிவாயத்தில், ஹதீஸ் அறிவிப்பதில், அடிமையின் சொல் தடையின்றி ஏற்கப்பட்டது. இப்னு உமர் (ரலி) அவர்களின் அடிமையாயிருந்த நாஃபிஉ (ரஹ்) இல்லாமல் 'தங்கச் சங்கிலி' எனப்படும் இஸ்னாதே இல்லை. மக்காவின் முஃப்தியாயிருந்த அதா (ரஹ்) கறுப்பு நிறத்தவர், விடுதலை பெற்றவர். (இப்படியே எழுதிக்கொண்டு போனால் இதுவும் ஃபளாயில் ஆகிவிடும், நிறுத்திக்கொள்கிறோம்.) நாம் சுட்ட வந்தது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லையே ஒருவரிடமிருந்து நம்பி வாங்கிக்கொள்ளும் சமுதாயம், சந்தைத் தகராறில் அவர் சொல்வதைக் கேட்க மறுத்தது எவ்வாறு? அமெரிக்கத் தெற்கிலும் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை என்று படித்தபோது, பக்கத்தைப் புரட்டாமல் நெடுநேரம் இருந்தோம்.

நூலின் பொருளாதாரப் பகுதி நம் வாசகருக்கு இன்னும் பயன்படும். ஏழை வெள்ளைத் தொழிலாளியும் ஏழைக் கறுப்புத் தொழிலாளியும் ஒரே முதலாளியிடம் குறைந்த கூலிக்கு உழைத்தனர். இருவரும் சேர்ந்திருந்தால் கூலி உயர்ந்திருக்கும். ஏன் சேரவில்லை? வெள்ளைத் தொழிலாளிக்குக் காசாகக் குறைத்ததை வேறு வகையில் ஈடுகட்டினார்கள் என்கிறார் டு பாய்ஸ். அவனுக்குப் பொது இடங்களில் மரியாதை உண்டு, பூங்காவுக்குள் போகலாம், காவலர் அவன் இனத்திலிருந்தே எடுக்கப்படுவர், நீதிமன்றம் அவனிடம் இளகி நடக்கும், அவன் பிள்ளைக்கு நல்ல பள்ளி. இதையெல்லாம் ஒருவகை மனக்கூலி என்று அவர் கணக்கில் எழுதுகிறார். அரைவயிற்றுக்குச் சாப்பிட்டவனும் 'நான் அவனல்ல' என்ற நிறைவோடு உறங்கினான். மீலாது மேடைப் பெரியவர் கேட்ட 'செவப்பு' நமக்கு இவ்விடத்தில்தான் விளங்கிற்று. மருமகளின் நிறத்தால் அவர் குடும்பத்துக்குச் சல்லிக்காசு வரவில்லை. இருப்பினும் ஊரார் பார்வையில் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. அதை அவர் கூலியாகவே பெற்றுக்கொண்டார். பிலாலின் சிறப்பைக் கேட்டு அழுவதற்கு அந்தக் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நமது முப்பது ஆண்டுப் பேச்சு தொடாமல் விட்ட இடம் இதுவே.

நிலத்தைப் பற்றியும் இவ்வாறே. 1865 சனவரியில் தளபதி ஷெர்மன், கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் குடியேற்ற ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய ஆண்டைகளுக்கே திருப்பினார். செய்தியைச் சொல்லத் தீவுக்குச் சென்ற தளபதியின் முன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு மூதாட்டி பாடத் தொடங்க, கூட்டமே சேர்ந்து பாட, அந்தப் படைவீரர் அழுதுவிட்டார் என்று 1903-இல் வெளிவந்த தம் முந்திய நூலில் டு பாய்ஸ் எழுதியிருந்தார். படிப்போரை உருக்கும் பகுதி அது. 32 ஆண்டுகள் கழித்து இப்பெருநூலில் அவருடைய கண், நிலம் யார் கைக்குப் போயிற்று, அதில் விளைந்த பருத்தி யாருக்குச் செல்வமாயிற்று என்ற கணக்கின்மேல் இருக்கிறது. நிலமற்றவர் மீண்டும் பழைய ஆண்டையின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதைக்கும் முன்னரே விளைச்சலைக் கடைக்காரனிடம் ஈடு வைத்துச் சோளமாவும் துணியும் வாங்கினர். விடுதலை பெற்றோர் சேமிப்புக்கென 1865-இல் தொடங்கிய வங்கி 1874-இல் முறிந்தது. பணம் போட்டவர் 60,000 பேருக்கும் மேல். கண்ணீரிலிருந்து கணக்குக்கு ஒருவர் நடந்துவந்த தூரத்தை இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் காணலாம்.

குறைகளும் உண்டு. தராசு பிடித்தவரையும் நிறுக்கத்தான் வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தையும் உணர்ச்சி பொங்க முடித்துக் கவிதை வேறு சேர்க்கும் பழக்கம் அவரிடம் உண்டு. நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு அது இனிக்கும். ஆய்வு நூலுக்குச் சில இடங்களில் மிகை. தெற்கு மாநிலங்களின் ஆவணக் காப்பகங்களுக்குள் சென்று பார்க்க அவருக்கு வசதியும் இல்லை, வழியும் இல்லை; அச்சான அறிக்கைகளையும் பிறர் நூல்களையும் கொண்டே பெரும்பகுதியை எழுதினார். கார்ல் மார்க்ஸிடமிருந்து எடுத்த சொற்களை எல்லா இடத்திலும் பொருத்த முயன்று திணறுகிறார். அடிமைகள் தனித்தனியே தப்பியோடியது எந்த அளவுக்கு வேலைநிறுத்தம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அடிமைப் பெண்கள் இந்நூலில் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். ஹதீஸ் அறிவித்த பெண்களுள் பொய்யர் என்று பழிக்கப்பட்டவர் எவரையும் தாம் அறியவில்லை என்று ஹாஃபிள் தஹபி (ரஹ்) எழுதியிருக்க, சாட்சிகளைத் தேடித் தேடி அழைத்த இவர் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது வருத்தம் தருகிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை பிற்காலத்தில் நேர்ந்தது. 1953-இல் ஸ்டாலின் இறந்தபோது டு பாய்ஸ் அவரைப் புகழ்ந்து எழுதினார். சோவியத் நாட்டிலிருந்து வந்த செய்திகளின் ராவிகளை அவர் நிறுக்கவில்லை. அங்கேயும் நிலம் பறிக்கப்பட்ட உழவர்கள் இருந்தார்கள். அழைக்கப்படாத சாட்சிகள் இருந்தார்கள். தம் நாட்டில் வாய் மூடப்பட்டவரின் சொல்லைத் தேடி எடுத்தவர், தமக்கு விருப்பமான அரசு ஒன்று வாய் மூடியவரைத் தேடவில்லை. இதைச் சொல்வதால் 1935-ஆம் ஆண்டு நூலின் மதிப்புக் குறைவதாக நாம் கருதவில்லை. நம் கலையிலும், இன்ன ஊரில் இவர் அறிவித்தது உறுதியானது, இன்ன ஆண்டுக்குப் பின் அறிவித்தது தளர்ந்தது என்று ஒரே ராவியைப் பிரித்துப் பார்ப்பதுண்டு.

பின்வந்தோர் அவரை மெய்ப்பித்தனர். எரிக் ஃபோனர் 1988-இல் இதே காலத்தைப் பற்றி எழுதிய விரிவான வரலாற்றில், டு பாய்ஸுக்குக் கிட்டாத ஆவணங்களைக் கொண்டு அவருடைய முடிவுகளின் பெரும்பகுதியை நிலைநாட்டினார். டன்னிங் குழுவின் கதையை இன்று எந்தப் பெரிய வரலாற்றறிஞரும் ஏற்பதில்லை.

சென்ற ஆண்டு நம் மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தபரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஹிஜ்ரி 255-ஆம் ஆண்டுப் பகுதியை எடுத்துக் கொடுத்தோம். அவ்வாண்டின் ரமளானில்தான் பஸராவின் சதுப்பு நிலங்களில் உப்புப் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி அகற்றும் வேலையிலிருந்த ஸன்ஜ் என்னும் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பாஸியக் கிலாபத்தை அது உலுக்கிற்று, இரு தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன, பஸராவே சூறையாடப்பட்டது. கறுப்பரின் பெருமையை எழுதிய ஜாஹிள் அதே ஆண்டின் தொடக்கத்தில் அதே பஸராவில்தான் மறைந்திருந்தார். நாம் கொடுத்த பாடம் எளியது: கிளர்ச்சியைப் பற்றிய செய்திகளின் ராவிகள் யார் யார் என்று எழுதிவருக, அவர்களுள் மண் சுரண்டியவர் எவரேனும் உண்டா என்று பார்க்க.

தபரீ (ரஹ்) கிளர்ச்சித் தலைவனின் பெயரைச் சொல்லாமல் 'கெட்டவன்' என்றும் 'அல்லாஹ்வின் பகைவன்' என்றும் அழைக்கிறார்கள். மாணவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். ராவிகளுள் பெரும்பாலோர் அரசுத் தரப்பினர் என்றும், அவனோடிருந்து பின்னர் பிரிந்த ஒருவரும் உண்டு என்றும் எழுதினார்கள். அடிமைகளில் யாரும் இல்லை என்று பட்டியலை முடித்திருந்தார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பையன் ஒருவன் மட்டும், "ஹஸ்ரத், ஒருவர் இருக்கிறார்" என்றான். ரைஹான் இப்னு ஸாலிஹ். அவர் ஓர் அடிமை. அந்நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு பஸராவிலிருந்து மாவு கொண்டுசெல்லும் வேலை அவருடையது. கிளர்ச்சித் தலைவன் வழியில் அவரை நிறுத்திப் பேசியதை அவரே சொன்னதாகத் தபரீ பதிந்திருக்கிறார்கள். பஸராவின் செய்திகளை விசாரித்தபின் தலைவன் அவரிடம் கேட்டது, அங்கே உழைக்கும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மாவு, எவ்வளவு வறுத்த மாவு, எவ்வளவு பேரீச்சம்பழம் கொடுக்கப்படுகிறது என்பதாம்.

அந்தப் பக்கத்தை நாமும் ஓதியிருக்கிறோம், ஓதிக் கொடுத்துமிருக்கிறோம். அந்தக் கேள்வி அங்கே இருந்தது நம் நினைவில் இல்லை. பையனிடம் பக்க எண்ணைக் கேட்டு வாங்கி நம்முடைய பிரதியில் குறித்துக்கொண்டோம்.